மகர்பட்டா வீடுகளில் ஜப்பான் சித்திரப் படம்: வாங்க ஆள் உண்டு, விற்கக் கடை இல்லை!

இரவு ஒன்பது மணி. புனே நகரின் கிழக்கே, மகர்பட்டாவில் ஒரு தமிழ்க் குடும்பம். கம்பெனி வேலை முடிந்து தகப்பனார் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிறார். பாட்டி அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் கணினியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரையில் வாள் ஏந்திய சிறுவன் ஒருவன் அரக்கனோடு மல்லுக்கு நிற்கிறான். பேச்சு ஜப்பான் மொழி. அடியில் ஆங்கில எழுத்து ஓடுகிறது. ஓரத்தில் சூதாட்ட விளம்பரம் ஒன்று மின்னி மின்னி மறைகிறது.

"என்னடா இது? நாம மாசாமாசம் பணம் கட்டுறோமே, அதுல வர்றதா?"

"இல்லப்பா. அதுல இந்தப் பாகம் இந்தியாவுக்குக் கிடையாதுன்னு வருது. இதுல எல்லாமே இருக்கு. கிளாஸ்ல எல்லாரும் இதுலதான் பார்க்குறாங்க."

"அப்போ இது திருட்டுப் படம்."

"காசு கொடுத்துப் பார்க்கலாம்னா விக்கிறவங்களே இல்லையேப்பா. நான் என்ன பண்றது?"

தகப்பனாரிடம் சட்டென்று பதில் இல்லை. பகல் முழுவதும் அவர் எழுதுவது மென்பொருள். அனுமதி இல்லாத ஒரு புரோகிராமை ஆபீஸ் கணினியில் ஏற்றினால் வேலைக்கே ஆபத்து என்பது அவருக்குத் தெரியும். ஆனால் பையன் கேட்ட கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. வளரும் பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் இன்று எழக்கூடிய கேள்விதான்.

மோக்லியில் தொடங்கியது

ஜப்பானில் தயாராகும் சித்திரப் படங்களுக்கு 'அனிமே' என்று பெயர். இது ஏதோ புதிய மோகம் என்று பெரியவர்கள் நினைக்கலாம். ஆனால் இன்றைய தகப்பனார்களே அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம். 1990-களின் முற்பகுதியில் தூர்தர்ஷனில் இந்தியில் வந்த 'ஜங்கிள் புக்' தொடரை, மோக்லியும் ஷேர்கானும் வந்த அந்தத் தொடரை, யார் மறப்பார்கள்? அது 1989-ல் ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் தயாரித்தது.

அடுத்து வந்தவை போகிமான், டிராகன் பால், டோரேமான், ஷின்சான். இவற்றில் பல தமிழிலும் பேசின. ஷின்சான் தமிழில் அடிக்கும் லூட்டியைக் கேட்டுச் சிரித்த பாட்டிமார் பலர், அவன் ஜப்பான் பையன் என்பதை அறியார்கள்.

அனிமேக்கென்றே 'அனிமேக்ஸ்' என்ற சேனல் 2004-ல் இந்தியாவுக்கு வந்தது. 2017-ல் அது இந்தியத் தொலைக்காட்சியிலிருந்து விலகியது. அதற்குள் ரசிகர்கள் இணையத்துக்குப் போய்விட்டார்கள். ஜப்பானில் இன்று ஒளிபரப்பான பாகத்தை இன்றே பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவர்களுக்கு. முறையான வழி இல்லாத இடத்தில் கள்ள வழி திறந்துகொண்டது.

ஏரியா பிரிப்பு

ஒரு தொடர் ஒரு நாட்டில் கிடைக்கிறது, இன்னொரு நாட்டில் கிடைப்பதில்லை. முதல் பாகம் ஒரு நிறுவனத்திடம், இரண்டாம் பாகம் வேறொரு நிறுவனத்திடம். ஏன் இந்தக் குளறுபடி?

தமிழ்ப் பட வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு படம் தயாரானதும் செங்கல்பட்டு, வடஆற்காடு, தென்ஆற்காடு ஒரு ஏரியா. கோவை ஒரு ஏரியா. மதுரை, ராமநாதபுரம் இன்னொரு ஏரியா என்று பிரித்து விற்பார்கள். வெளிநாட்டு உரிமை தனி. தொலைக்காட்சி உரிமை தனி. வாங்குகிற விநியோகஸ்தர் 'மினிமம் கேரண்டி' என்று ஒரு தொகையை முன்கூட்டியே கொடுத்துவிடுவார். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தத் தொகை தயாரிப்பாளருடையது.

அனிமே வியாபாரமும் இதே கணக்குத்தான். அங்கே ஏரியா என்பது நாடு. வட அமெரிக்கா ஒரு கை, ஐரோப்பா ஒரு கை, தென்கிழக்கு ஆசியாவும் இந்தியாவும் ஒரு கை. உரிமைக்குக் காலக்கெடுவும் உண்டு. கெடு முடிந்து புதுப்பிக்கவில்லையென்றால் நேற்று இருந்த தொடர் இன்று காணாமல் போகும். இந்தியாவில் எத்தனை பேர் பணம் கட்டிப் பார்ப்பார்கள், எந்த மொழியில் பேச வைக்க வேண்டும், அதற்கு என்ன செலவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துக் கட்டுபடியாகாது என்று தோன்றினால், வாங்குவோர் கைவிட்டு விடுகிறார்கள். சில சமயம் இந்திய உரிமையை வாங்கியவர் வெளியிடாமல் வைத்திருப்பதும் உண்டு. அப்போது வேறு யாரும் அதைக் காட்ட முடியாது.

மகர் குடும்பங்களும் ஜப்பான் கமிட்டியும்

விற்பவர் தரப்பிலும் ஒருவர் அல்ல, பலர். ஒரு தொடரைத் தயாரிக்க ஜப்பானில் 'தயாரிப்புக் கமிட்டி' அமைப்பார்கள். கதையை வெளியிட்ட பத்திரிகை நிறுவனம், தொலைக்காட்சி நிலையம், இசைத்தட்டுக் கம்பெனி, பொம்மைக் கம்பெனி எல்லோரும் பணம் போடுவார்கள். போட்ட பணத்துக்குத் தக்கபடி லாபத்தில் பங்கு.

இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள மகர்பட்டாவாசிகள் ஜப்பானுக்குப் போகவேண்டியதில்லை. அவர்கள் குடியிருக்கும் ஊரே அப்படிப் பிறந்ததுதான். ஹடப்சர் பக்கம் மகர் குலத்து விவசாயிகளின் நிலம் அது. புனே நகரம் பெருகி வந்தபோது, ஆளுக்கொரு துண்டாக விற்றுவிட்டுப் போகாமல், நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சதீஷ் மகர் தலைமையில் ஒன்றுகூடின. சுமார் 400 ஏக்கர் நிலத்தை ஒன்றாகச் சேர்த்து ஒரு கம்பெனி அமைத்தன. அவரவர் கொடுத்த நிலத்துக்கு ஏற்ப அவரவருக்குப் பங்கு. 2000-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய அந்த முயற்சியில்தான் இன்றைய குடியிருப்புகளும் சைபர்சிட்டி கட்டடங்களும் எழுந்தன.

கூட்டு முயற்சியில் நஷ்டப் பயம் குறைவு. அதே சமயம், பலர் கையெழுத்திட்டால்தான் காரியம் நடக்கும். ஜப்பான் கமிட்டியிலும் அப்படியே. இந்தியாவுக்கு விற்பதா, யாருக்கு விற்பது, எவ்வளவுக்கு என்று பங்காளிகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அதற்குள் பையனுக்குப் பொறுமை போய்விடுகிறது!

முப்பது ஆண்டு காத்த ராமர்

உரிமைச் சிக்கலும் தயக்கமும் ஒரு நல்ல படத்தை என்ன பாடு படுத்தும் என்பதற்கு நம் ராமாயணமே சாட்சி.

யூகோ சாகோ என்ற ஜப்பானியர், இந்தியாவில் நடந்த அகழ்வாராய்ச்சி பற்றி 1980-களில் விவரணப் படம் எடுக்க வந்தார். ராமாயணத்தில் மனம் பறிகொடுத்தார். அதைச் சித்திரப் படமாக்க விரும்பினார். வெளிநாட்டுக்காரர் ராமரைக் 'கார்ட்டூன்' ஆக்குவதா என்று இங்கே எதிர்ப்பு எழுந்தது. ஆகவே பட வேலை பெரும்பாலும் ஜப்பானில் நடந்தது. நம் நாட்டுச் சித்திரப்பட முன்னோடி ராம் மோகன், கோய்ச்சி சசாகி ஆகியோருடன் சேர்ந்து சாகோ படத்தை உருவாக்கினார். சுமார் ஒரு லட்சம் சித்திரங்கள் கையால் வரையப்பட்டன.

'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' என்ற அந்தப் படம் 1993-ல் இந்தியத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. ஆனால் நாடு முழுவதும் தியேட்டர்களுக்கு அப்போது வரவில்லை. பின்னர் தொலைக்காட்சியில் வந்தபோது பார்த்த பிள்ளைகள் அதை மறக்கவில்லை. வளர்ந்த பிறகு தேடியபோது அவர்களுக்கு எளிதில் அகப்பட்டது, யாரோ பதிவு செய்து இணையத்தில் ஏற்றிய மங்கலான பிரதிதான். 2025 ஜனவரி 24-ல் படம் துப்புரவாக்கப்பட்டு, தமிழ் உள்பட இந்திய மொழிகளில் தியேட்டர்களுக்கு வந்தது. யூகோ சாகோ அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவர் 2012-ல் காலமாகிவிட்டார்.

கடை திறந்தால் கூட்டம் வரும்

முறையாகக் கொடுத்தால் ரசிகர்கள் வாங்குவார்களா? வாங்குவார்கள் என்பதற்கும் சான்று உண்டு.

2019-ல் மகோட்டோ ஷின்காய் இயக்கிய 'வெதரிங் வித் யூ' படத்தை இந்தியாவில் திரையிட வேண்டும் என்று ரசிகர்கள் இணையத்தில் மனுப் போட்டார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆதரவு தெரிவித்தனர். அக்டோபர் 11 அன்று படம் இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தது. 2025 செப்டம்பர் 12-ல் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' வந்தபோது ஜப்பான் மொழி, ஆங்கிலம், இந்தி, தெலுங்கோடு தமிழிலும் பேசியது. விடியற்காலைக் காட்சிக்கும் இளைஞர் கூட்டம் நின்றது.

இன்னொரு உதாரணம் 'கிரஞ்சிரோல்'. 2006-ல் அமெரிக்காவில் தொடங்கியபோது ரசிகர்கள் ஏற்றிய படங்களையெல்லாம், அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், காட்டிய தளம் அது. 2009-ல் அனுமதியில்லாதவற்றை நீக்கிவிட்டு, ஜப்பான் நிறுவனங்களுக்குப் பணம் கட்டி உரிமை வாங்கத் தொடங்கியது. 2021-ல் சோனி குழுமம் அதை 117 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கியது! 2022-ல் இந்தியாவுக்கென மாதக் கட்டணத்தை நூறு ரூபாய்க்குள் குறைத்தது. அடுத்த ஆண்டு முதல் தமிழிலும் தொடர்கள் பேசத் தொடங்கின. தைவானின் மியூஸ் நிறுவனமோ, சில தொடர்களை யூடியூபில் விளம்பரத்தோடு இலவசமாகவே காட்டும் வழியைக் கொண்டுவந்தது.

விலை கைக்கு எட்டி, மொழி காதுக்கு எட்டினால், கள்ளப் பிரதியைத் தேடுவோர் தொகை குறையும். ஆனால் விலை எவ்வளவு குறைந்தாலும் 'சும்மா கிடைக்கும்போது எதற்குக் காசு?' என்போரும் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களுக்காகத்தான் சட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது?

திருட்டுப் பிரதி தமிழருக்குப் பழைய தலைவலி. வீடியோ கேசட் காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. அதைச் சமாளிக்க 1984-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் தண்டனை கடுமையாக்கப்பட்டது. தெரிந்தே பதிப்புரிமையை மீறுவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50 ஆயிரம் ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். தமிழ்நாட்டில் 2004-லும் மகாராஷ்டிரத்தில் 2009-லும் வீடியோ திருடர்களைத் தடுப்புக் காவலில் வைக்கும்படி குண்டர் சட்டங்கள் திருத்தப்பட்டன. 2023-ல் திரைப்படச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, தியேட்டரில் திருட்டுத்தனமாகப் படம் பிடித்தால் 3 ஆண்டு வரை சிறை உண்டு. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி, தயாரிப்புச் செலவில் 5 சதவிகிதம் வரை போகலாம்.

கேசட் கடையைப் பூட்டினால் பூட்டியதுதான். இணையக் கடை அப்படியல்ல. இன்று ஒரு பெயரை முடக்கினால் நாளை வேறு பெயரில் அதே சரக்கோடு வந்து நிற்கும். இதைக் கண்ட டெல்லி ஐகோர்ட்டு, 2019 ஏப்ரலில் ஒரு தீர்ப்பில் புது வழி காட்டியது. ஒரு தளத்துக்குத் தடை விதித்த பின் அதே தளம் வேறு பெயரில் முளைத்தால், புதிதாக வழக்குப் போடவேண்டியதில்லை. பழைய தடையிலேயே அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜப்பானிலும் கெடுபிடி அதிகம். காமிக்ஸ் கதைகளைத் திருட்டுத்தனமாக வெளியிட்ட ஒரு தளத்தை நடத்தியவருக்கு 2021-ல் 3 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. 2024-ல் டோக்கியோ கோர்ட்டு, மூன்று பதிப்பகங்களுக்கு 170 கோடி யென்னுக்கு மேல் நஷ்டஈடு தரும்படி அவருக்கு உத்தரவிட்டது.

தாளுக்கு இவ்வளவு கூலி

"ஜப்பான்காரன் பணக்காரன், அவனுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. 2023-ல் அனிமே தொழிலின் மொத்தச் சந்தை 3 லட்சத்து 30 ஆயிரம் கோடி யென்னைத் தாண்டியது என்பதும், அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதும் உண்மையே.

ஆனால் படம் வரைகிற தொழிலாளி பணக்காரர் அல்ல. ஒரு அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் இடையே வரும் சித்திரங்களை வரையும் இளைஞர்களுக்கு ஒரு தாளுக்கு இவ்வளவு என்று கூலி. அது சில நூறு யென்தான். தீப்பெட்டி ஒட்டுவது, பீடி சுற்றுவது போன்ற கணக்கு! லாபத்தில் பெரும்பங்கு பணம் போட்ட கமிட்டிக்குப் போகிறது. கமிட்டியில் இடமில்லாத ஸ்டூடியோவுக்கு ஒப்பந்தத் தொகை மட்டுமே.

ஆகவே, நாம் கட்டும் நூறு ரூபாய் நேராக அந்தத் தொழிலாளியின் கைக்குப் போய்விடும் என்று சொல்ல முடியாது. ஆனால் கட்டாவிட்டால் அடுத்த தொடருக்கு யாரும் பணம் போட மாட்டார்கள். தமிழில் குரல் கொடுக்கும் கலைஞருக்கும் வேலை இருக்காது. கள்ளத் தளத்தில் பார்ப்பவரின் தலை இந்தியச் சந்தைக் கணக்கில் ஏறுவதே இல்லை. 'இந்தியாவில் பார்ப்பவர் இல்லை' என்று உரிமை மறுக்க அதுவே காரணமாகிறது.

பெற்றோர் கவனிக்க

பிள்ளையைத் திட்டிக் கணினியைப் பிடுங்கி வைப்பதால் பயனில்லை. கள்ளத் தளத்தில் வயது பார்ப்பதில்லை. எட்டு வயதுக் குழந்தைக்கும் எல்லாப் படமும் திறக்கும். சூதாட்ட விளம்பரம் வரும். தவறி அமுக்கினால் கணினியில் வைரஸ் புகும். பாங்குக் கணக்குக்கே ஆபத்து நேரலாம். முறையான தளங்களிலோ, 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி 7, 13, 16 என்று வயது வரம்பு குறிக்க வேண்டும். பெற்றோர் பூட்டும் வசதியும் உண்டு. அனிமே எல்லாம் குழந்தைகளுக்கானது அல்ல என்பதை மறக்கக் கூடாது.

பிள்ளை கேட்கும் தொடர் முறையான தளம் எதில் இருக்கிறது என்று சேர்ந்து தேடலாம். இல்லையென்றால் அந்த நிறுவனத்துக்கே எழுதிக் கேட்கலாம். 2019-ல் கேட்டவர்களுக்குக் கிடைத்தது அல்லவா?

மகர்பட்டா வீட்டில் அன்றிரவு அதுதான் நடந்தது. தகப்பனாரும் பையனுமாகத் தேடினார்கள். கேட்ட பாகம் கிடைக்கவில்லை. ஆனால் அதே தொடரின் முதல் பாகம் முறையான தளத்தில் தமிழிலேயே இருந்தது. அடுத்த பாகம் எப்போது வரும் என்று கேட்டுப் பையன் நாலு வரி எழுதி அனுப்பினான்.

பாட்டி தோசைத் தட்டோடு வந்து உட்கார்ந்தார். "அடே, தமிழ் பேசுறானே! முதல்லேர்ந்து போடுடா, நானும் பார்க்கிறேன்" என்றார்.