ஆற்றலும் பிடிமானமும்
பின்சக்கர உந்து வண்டிகள் குறித்து ஒரு விளக்கம்

ஆற்றல் மிகுந்தால் ஓட்டமும் மிகும் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். வண்டிகளைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பாதியே உண்மையாகும். எஞ்சின் எத்துணைக் குதிரைத்திறன் உடையதாயினும், அத்திறனை நிலத்தில் ஊன்றி வண்டியை முன்னே தள்ளுவது டயரின் அடியில் உள்ளங்கையளவு படியும் பரப்பேயாகும். அப்பரப்பு நிலத்தைப் பற்றாதொழியின், ஆற்றல் முழுவதும் ரப்பர்ப் புகையாகவும் வாரி இறைக்கும் சேறாகவும் வீணாகும். பின்சக்கரங்களால் உந்தப்படும் பிக்கப் வண்டிகளில் இக்குறை மிகுதியாகக் காணப்படுகிறது. இதன் காரணத்தையும் தீர்வையும் ஈண்டு ஆராய்வோம்.

தமிழ்த்துறை மலரில் வண்டிப் பொறிக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில் – திருப்பெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஒரகடத்தை ஒருமுறை சுற்றி வந்தால் விடை கிடைக்கும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010இல் ரெனோ – நிசான் ஆலையும், 2012இல் பாரத்பென்ஸ் லாரிகளை உருவாக்கும் டெய்ம்லர் ஆலையும் ஒரகடத்தில் திறக்கப்பெற்றன. டயர் ஆலைகளும், சோதனை ஓடுபாதைகளோடு கூடிய உலகத்தரத் தானுந்து ஆய்வு மையமும் இவ்வட்டாரத்திலேயே உள்ளன. ஏரியும் வயலுமாய் இருந்த ஊர்களின் பிள்ளைகள் இன்று இவ்வாலைகளில் பணிபுரிகின்றனர். பலர் கடன் பெற்றுச் சிறு சரக்கு வண்டி வாங்கிப் பிழைக்கின்றனர். அவர்கள் கையாளும் பொருளை அவர்கள் மொழியில் விளக்குவதும் தமிழ்ப்பணியே என்பது நம் கருத்து.

வெறும் வண்டி ஏன் வழுக்குகிறது?

சக்கரத்தின் பிடிமானம் இரண்டைப் பொறுத்தது. ஒன்று, அச்சக்கரத்தின்மேல் அழுந்தும் எடை. மற்றொன்று, டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு. காய்ந்த தார்ச்சாலையில் உராய்வு எண் ஏறத்தாழ 0.8, நனைந்த சாலையில் 0.4 அளவுக்கு இறங்கும். சேற்றில் இன்னும் குறையும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 1,600 கிலோ எடையுள்ள ஒரு பிக்கப் வண்டியில் எஞ்சினும் ஓட்டுநர் அறையும் முன்னே இருப்பதால், காலியாக உள்ளபோது பின்சக்கரங்களின்மேல் 40 விழுக்காடு, அதாவது 640 கிலோவே அழுந்துகிறது எனக் கொள்வோம். காய்ந்த சாலையில் இச்சக்கரங்கள் தாங்கும் உந்துவிசை 512 கிலோ. மழையில் 256 கிலோ. முதல் கியரில் எஞ்சின் தரும் உந்துவிசையோ 680 கிலோ எனின், முழுவிசையோடு மிதிக்கும் ஓட்டுநர் காய்ந்த சாலையிலும் சக்கரத்தைச் சுழலவிடுவார். ஐப்பசி மழையில் வண்டியின் பின்புறமே பக்கவாட்டில் விலகும். அதே வண்டியில் 1,000 கிலோ சரக்கேற்றி, அதில் 900 கிலோ பின்னச்சின்மேல் படிந்தால், மழையிலும் 616 கிலோ விசையைத் தாங்கும். பாரவண்டி அடங்கி நடப்பதும், வெறும் வண்டி துள்ளுவதும் இதனாலேயே.

எளிய எஞ்சினுக்கே இந்நிலை என்றால், பெரிய எஞ்சின்களின் நிலை சொல்ல வேண்டுவதில்லை. அமெரிக்காவில் 1990இல் வெளிவந்த செவ்ரோலே 454 எஸ்.எஸ். பிக்கப் 7.4 லிட்டர் எஞ்சினும் 230 குதிரைத்திறனும் உடையது. 1993இல் வந்த ஃபோர்டு லைட்னிங் 240 குதிரைத்திறன் கொண்டது. 1991இன் ஜி.எம்.சி. சைக்ளோன் 280 குதிரைத்திறனைப் பெற்று, நான்கு சக்கரங்களுக்கும் அதனைப் பகிர்ந்தளித்து இடரைத் தவிர்த்தது. பழைய பிக்கப்புகளைப் புதுக்கி வலிய எஞ்சின் பொருத்தும் ஆர்வலர்கள் அனைவரும் முதலில் எதிர்கொள்வது பின்சக்கர வழுக்கலையே. அவர்கள் கையாளும் தீர்வுகள் நம் சிறுவண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்துவனவே.

முதல் தீர்வு: டயரும் எடையும்

செலவு குறைந்த தீர்வு டயரிலேயே தொடங்குகிறது. டயரின் வெட்டுப்பள்ளங்கள் மழைநீரை வெளியேற்றும் வாய்க்கால்கள். அவை தேய்ந்தால் ரப்பருக்கும் சாலைக்கும் இடையே நீர்ப்படலம் நின்றுவிடும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரைப் பயன்படுத்தலாகாது. பாரத்திற்கென நிரப்பிய காற்றழுத்தத்தோடு காலியாக ஓட்டினால், டயர் விறைத்துத் தரையில் படியும் பரப்பு சுருங்கும். தயாரிப்பாளர் காலி வண்டிக்கெனத் தனியளவு குறித்திருப்பின் அதனைப் பின்பற்றலாம். அவ்வளவுக்கும் கீழே இறக்கி நெடுஞ்சாலையில் விரைந்தால் டயர் சூடேறி வெடிக்கும்.

அடுத்தது எடை. சில மணல்மூட்டைகளைப் பின்னச்சிற்கு நேர்மேலே வைத்தால் பிடிமானம் கூடும். அச்சுக்குப் பின்னால், வண்டியின் வால்புறத்தில் வைத்தால் முன்சக்கரத்தின் சுமை குறைந்து, திருப்பும் ஆற்றல் குன்றும். மூட்டைகளை இறுகக் கட்டுதல் இன்றியமையாதது. திடீரென நிறுத்தும்போது கட்டப்படாத மூட்டை ஓட்டுநரை நோக்கியே பாயும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை இங்கு நினைத்தல் தகும்.

எடை நல்லது என்பதால் அளவிறந்து ஏற்றலாம் என்பதன்று. மயிற்பீலியாயினும் மிகுத்து ஏற்றினால் அச்சு முறியும் என்னும் உண்மையை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் உவமையாக வைத்தார். 2019இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டமும் மிகைப்பாரத்திற்கு 20,000 ரூபாயும், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் விதிக்கிறது.

இரண்டாம் தீர்வு: வில்

பிக்கப் வண்டியின் பின்னச்சைத் தாங்குவது அடுக்கடுக்கான எஃகுப் பட்டைகள். பட்டறையினர் இதனைக் கமான் பட்டை என்பர். கமான் என்பது வில்லைக் குறிக்கும் பாரசீகச் சொல். நம் முன்னோரும் இவ்வமைப்புடைய மாட்டு வண்டியை வில்வண்டி என்றே வழங்கினர். இருமொழியினரும் ஒரே உவமையைக் கண்டது வியப்பிற்குரியது.

எஞ்சின் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது, அச்சு எதிர்ப்புறமாகத் திருக முயலும். அத்திருகலால் பட்டைகள் நெளிந்து, பின் விடுபட்டு உதறும். அப்போது சக்கரம் தரையை விட்டுத் துள்ளித் துள்ளி விழும். எழும் கணத்தில் பிடிமானம் இல்லை. விழும் கணத்தில் அச்சும் பற்சக்கரமும் அடிபடுகின்றன. இதனைத் தடுக்க, அச்சையும் பட்டையின் முன்பகுதியையும் அணைத்து நிற்கும் எஃகுத் தாங்குசட்டங்களைப் பொருத்துவர். ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை அச்சுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் அமைக்கும் வழக்கமும் இத்துள்ளலைக் குறைக்கவே. மென்மை வேண்டிப் பட்டை ஒன்றைக் கழற்றிவிடுவோரும் உளர். அது வண்டியின் தாங்குதிறனைக் குறைக்கும் தீங்கான செயல்.

மூன்றாம் தீர்வு: டிஃபரன்ஷியல்

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தினும் நெடுந்தொலைவு செல்ல வேண்டும். இரண்டையும் வெவ்வேறு விரைவில் சுழலவிடும் பற்சக்கர அமைப்பே டிஃபரன்ஷியல். இதில் ஒரு நுட்பம் உண்டு. சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு விசையையே வழங்கும். இடச்சக்கரம் சேற்றில் நின்று 50 கிலோ விசையே தாங்கும் எனின், உறுதியான தார்ச்சாலையில் நிற்கும் வலச்சக்கரத்திற்கும் 50 கிலோவே கிட்டும். ஆகமொத்தம் 100 கிலோவில் வண்டி நகராது. இடச்சக்கரம் வீணே சுழன்றுகொண்டிருக்கும். ஏரிக்கரைச் சாலையோரத்தில் ஒருபுறச் சக்கரம் இறங்கிய வண்டி திணறுவது இதனாலேதான்.

வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல், உராய்வுத் தட்டுகளின் உதவியால் பிடிப்புள்ள சக்கரத்திற்குக் கூடுதல் விசையை அனுப்புகிறது. அது மூன்று மடங்கு வரை அனுப்பவல்லதாயின், மேற்சொன்ன நிலையில் 50உம் 150உம் சேர்ந்து 200 கிலோ கிட்டும். இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் பூட்டு இதனினும் வலியது. மண் அள்ளும் டிப்பர்களில் அதனைக் காணலாம். ஆயின் பூட்டியபடி நல்ல சாலையில் திரும்பினால் டயர் தேயும், வண்டி நேரே செல்லவே முனையும். சேற்றைக் கடந்ததும் அதனை விடுவித்தல் வேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் மின்னணுக் கருவி, சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக்கால் பிடித்து இதே பயனைத் தருகிறது.

தாமே மாற்றலாமா?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. ஆதலின் எஞ்சினையும் அச்சையும் விருப்பம்போல் மாற்றுதல் கூடாது. டயரைப் பேணுதல், காற்றழுத்தத்தைச் சரிபார்த்தல், சரக்கை முறையாக அடுக்கிக் கட்டுதல், முறிந்த பட்டையை உடனே மாற்றுதல், மழையில் மெல்ல மிதித்தல் ஆகிய ஐந்தும் எவர்க்கும் இயலும். இவற்றைச் செய்யாமல் பெரிய செலவில் இறங்குவது அடித்தளமின்றி மாடி எழுப்புவதற்கு ஒப்பாகும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். கமான், பட்டை, வில், அச்சு என ஒரகடத்துப் பட்டறைகளில் வழங்கும் சொற்கள் இன்னும் முழுமையாகத் தொகுக்கப்பெறவில்லை. உங்கள் தந்தையரும் தமையன்மாரும் அவற்றை நாள்தோறும் பேசுகின்றனர். ஒரு குறிப்பேட்டோடு அவர்களிடம் சென்று கேட்டு எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லும் எப்பொருளைக் குறிக்கிறது, அப்பொருள் என்ன வேலை செய்கிறது என்பதையும் உடன் எழுதுங்கள். அத்தொகுப்பு மொழிக்கும் பயன்படும். மழைநாளில் வண்டியோட்டும் ஒருவரின் உயிருக்கும் பயன்படக்கூடும்.