நெசவாளர் பெற்ற முதல் வாக்கு

குடியாட்சி என்றவுடன் நம்மிற் பலருக்குத் தேர்தல் நாளும் விரலில் இடும் மையுமே நினைவுக்கு வருகின்றன. குடிமகன் என்பவன் ஐந்தாண்டுக்கு ஒருநாள் மட்டும் குடிமகனாய் இருப்பவன் அல்லன். இதனை இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ராச்டேல் என்னும் ஊரின் நெசவாளர் வரலாறு நன்கு விளக்குகின்றது.

கம்பளித் துணிக்குப் பேர்போன ஊர் அது. 1832-ஆம் ஆண்டுச் சட்டம், நகரங்களில் ஆண்டுக்குப் பத்துப் பவுன் மதிப்புள்ள வீட்டில் குடியிருந்த ஆடவருக்கே பார்லிமெண்டு வாக்குரிமையைப் பெரும்பாலும் அளித்தது. சிறு வாடகை வீட்டில் வாழ்ந்த தறிக்காரனுக்கு அது எட்டவில்லை. ஆடவர் அனைவருக்கும் வாக்கு, இரகசிய வாக்களிப்பு முதலிய ஆறு கோரிக்கைகளைச் சாசன இயக்கத்தார் எழுப்பினர். 1842-இல் 33 இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களோடு வந்த அவர்தம் விண்ணப்பத்தை நேரில் கேட்கவும் பார்லிமெண்டு இசையவில்லை. 287 பேர் எதிர்த்தனர், 49 பேரே ஆதரித்தனர்.

கடைவீதியிலோ மாவிற் கலப்படம், எடையிற் குறைவு, கடனில் சிக்கல். 1844-இல் 28 பேர், சாசன இயக்கத்தாரும் அவர்களுள் உண்டு, வாரந்தோறும் சில காசுகளாய்ச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுன் முதலிட்டு, டிசம்பர் 21-இல் சிறு கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி இவையே சரக்கு.

சரக்கினும் பெரிது அவர்கள் வகுத்த விதி. கூட்டுப்பங்குக் கம்பெனியில் பங்கு மிகுந்தால் வாக்கும் மிகும். அதாவது பணமே வாக்களிக்கின்றது. ராச்டேலிலோ எத்தனை பங்கு இருப்பினும் அங்கத்தினர் ஒருவருக்கு ஒரே வாக்கு. பெண்களும் அங்கத்தினராகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அனைவர் முன்னும் வைக்கப்பெற்றது. நாடு தர மறுத்ததைச் சங்கம் தந்தது எனலாம். நகரத் தொழிலாளர் பலருக்குப் பார்லிமெண்டு வாக்கு 1867-இல்தான் வந்தது. இரகசிய வாக்குச் சீட்டு 1872-இல். பெண்கள் ஆடவரோடு சமமான வாக்குரிமை பெற 1928 வரை காத்திருந்தனர்!

நம் நாட்டிலும் ஏறக்குறைய இதே முறைமைதான். 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம், வரம்பற்ற பொறுப்புடைய சங்கங்களில் ஆளுக்கு ஒரு வாக்கு என விதித்தது. அவ்வாண்டே நம் திரூரில் சங்கம் தோன்றிற்று. சொத்து, வரி, படிப்பு ஆகியவற்றைப் பாராமல் வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தலோ 1951-52-இல்தான் நடந்தது. அன்று 21 ஆக இருந்த வாக்காளர் வயது 1989-இல் 18 ஆயிற்று.

இவ்வளவு முன்னதாக வந்த உரிமையை நாம் எவ்வாறு கையாள்கின்றோம்? மகாசபைக்கு வந்து, கையொப்பமிட்டு, காப்பி அருந்தியவுடன் எழுந்து போகிறவர்களே மிகுதி. யானும் பன்முறை அவ்வாறு போனவனே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் மகாசபையில், முதிய அம்மையார் ஒருவர் எழுந்து, "நூல் விலை இறங்கிய மாதத்தில் எங்களுக்கு மட்டும் பழைய விலை ஏன்?" என்று வினவினார். மேடையில் இருந்தோர் சிரித்தனர். அவர் அமரவில்லை. பேரேடு கொண்டுவரப்பெற்றது. பழைய விலைக்கு வாங்கிய இருப்பு நூலையே அம்மாதம் கொடுத்தார்கள் என்பது தெரிந்தது, தவறு ஏதுமில்லை. அடுத்த மாதம் முதல் இருப்பும் விலையும் வாயிற்பலகையில் எழுதப்பெற்றன.