வாசகர் என்னும் பரீட்சகர்

நாவல் ஒன்றை எழுதி முடித்தவர் அதை உலகின் முன் வைப்பதற்குப் பிரசுரகர்த்தர் ஒருவரின் சம்மதம் இன்றியமையாதது என்னும் நியதி, மேல்நாட்டு இலக்கிய உலகில் நெடுங்காலம் அசைக்க முடியாததாக இருந்து வந்தது. எழுத்தாளருக்கும் பிரசுராலயத்துக்கும் இடையே இலக்கிய முகவர் என்ற மற்றொருவரும் இருந்தமையால், அவருடைய மனத்தைக் கவராத கையெழுத்துப் பிரதிகள் மேஜை இழுப்பறைகளிலேயே ஆயுளைக் கழித்தன. 2007 நவம்பரில் அமேசான் நிறுவனம் கிண்டில் என்னும் மின்வாசிப்புக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்து, எவரும் தம் நூலைத் தாமே ஏற்றி, தாமே விலை வைத்து விற்கலாம் என்ற ஏற்பாட்டையும் உடன் செய்தபோது அந்த நியதி தளர்ந்தது. இப்புதிய வசதியின் பயனைப் பெரிதும் அநுபவித்தவர்களுள் விஞ்ஞானப் புனைகதை எழுதியவர்கள் முன்வரிசையில் நிற்பது தற்செயலன்று என்பது என் அபிப்பிராயம். அதற்குரிய காரணத்தை அந்த இலக்கிய வகையைப் படிக்கும் வாசகர்களிடத்திலேயே தேட வேண்டும்.

அவ்வெழுத்தாளர்களுள் ஒருவரான ஆண்டி வியர் 1972இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். பௌதிக விஞ்ஞானி ஒருவரின் புதல்வர். பதினைந்தாம் வயதிலேயே ஸாண்டியா தேசிய ஆய்வுக்கூடத்தில் கணினி நிரல் எழுதும் பணியில் அமர்ந்தவர், சர்வகலாசாலைப் படிப்பைப் பூர்த்தி செய்யாமலே அத்தொழிலில் நிலைபெற்றார். 1990களின் இறுதியில் வேலை போயிற்று. கையில் கிடைத்த பங்குப் பணத்தைக் கொண்டு ஏறத்தாழ மூன்றாண்டுகள் எழுத்தையே ஜீவனமாக்கிக்கொள்ள முயன்றும் எந்த முகவரும் அவரை ஏற்காமையால், மீண்டும் நிரல் எழுதவே திரும்பினார். ஆனால் எழுதும் பழக்கத்தை மட்டும் அவர் கைவிடவில்லை. 2009இல், செவ்வாய்க் கிரகத்தில் தன்னந்தனியே விடப்பட்ட விண்வெளி வீரன் ஒருவனின் கதையைத் தமது சொந்த இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக, காசு எதுவும் கேளாமல் வெளியிடத் தொடங்கினார். அதுவே ‘தி மார்ஷியன்’.

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் ஊறிய நமக்கு, அடுத்த இதழுக்காகக் காத்திருப்பதும், கதாநாயகியின் கதி யாதாகுமோ என்று பதைத்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவதும் பழக்கமானவையே. வியருக்கு வந்த கடிதங்களோ வேறு ரகம். அவருடைய கதாநாயகன் மார்க் வாட்னி, உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர் பிழைக்க எண்ணுகிறான். பயிருக்குத் தண்ணீர் வேண்டும். இறங்குகலத்தில் மிஞ்சிய ஹைட்ரஸீன் என்னும் எரிபொருளை இரிடியம் உலோகத்தின் மேல் செலுத்திச் சிதைத்து, அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜனைப் பிராணவாயுவுடன் சேர்த்து எரித்து நீராக்குகிறான். இத்தகைய இடம் வரும்போதெல்லாம், ரசாயனம் அறிந்த வாசகர்கள் கணக்கைத் தாங்களும் போட்டுப் பார்த்தனர். பிழை கண்ட இடத்தை ஆசிரியருக்கு எழுதினர். ரசாயனத்தில் அவ்வளவு உறுதி இல்லாத வியரும் அவற்றை நன்றியுடன் ஏற்றுத் திருத்தினார். பிரசுராலயத்தின் ஆசிரியர் குழுவில் மொழி வல்லவர் இருப்பர், கதையின் கட்டுக்கோப்பை உணர்ந்தவர் இருப்பர். ஹைட்ரஸீனின் இயல்பை அறிந்தவர் அங்கே இருப்பது அபூர்வம். தாமே வெளியிடத் துணிந்த எழுத்தாளருக்கு அத்தகைய பரீட்சகர்கள் வேதனமின்றிக் கிடைத்தனர்.

வாசகர்கள் இவ்வளவு சிரத்தை கொண்டமைக்கு, ஆசிரியர் முன்பே காட்டிய சிரத்தைதான் காரணம் என்று கருதுகிறேன். அயனி எந்திரத்தால் இடைவிடாது உந்தப்படும் விண்கலம் பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே எந்தப் பாதையில், எத்தனை நாளில் செல்லும் என்பதை ஊகத்துக்கு விடாமல், அதற்கென்றே ஒரு கணினி நிரலை எழுதிக் கணக்கிட்டவர் அவர். அந்தக் கணக்கின் விவரங்களுள் பெரும்பகுதி நாவலில் வெளிப்படையாக இடம்பெறவில்லை. எனினும் தேதிகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதை நுணுகிப் படிப்பவர் உணர்வர்.

ஓரிடத்தில் மட்டும் அவர் அறிந்தே விதியை மீறினார். வாட்னியைத் தனியாக்கும் புழுதிப் புயல் செவ்வாயில் சாத்தியமன்று. அங்குள்ள காற்றழுத்தம் பூமியினுடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகையால், எத்தனை வேகமாக அடித்தாலும் அக்காற்று ஒரு மனிதனைத் தூக்கி எறியாது. மனிதனுக்கும் இயற்கைக்கும் நடக்கும் போரில் முதல் அடி இயற்கையினுடையதாக இருக்க வேண்டும் என்ற கதை நியாயத்துக்காக அதை அநுமதித்ததாக வியர் பகிரங்கமாகவே கூறியிருக்கிறார். இதை நான் குறையாகக் கொள்ளவில்லை. ஏனைய நூறு இடங்களில் நேர்மையாக நடந்தவருக்கே அப்படி ஓரிடத்தில் சலுகை கேட்கும் உரிமை உண்டு. மற்றொரு செய்தியும் உண்டு: 2012 ஆகஸ்டில் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, அங்குள்ள மண்ணில் எடைக்கு ஏறத்தாழ 2 சதவீதம் நீர் கலந்திருப்பதைப் பின்னர்க் கண்டறிந்தது. வாட்னி மண்ணைச் சூடாக்கியே நீர் பெற்றிருக்கலாம்! கதையை எழுதிய காலத்தில் ஆசிரியர் அறியாத உண்மை அது. விஞ்ஞானக் கதை எழுதுபவர் ஒருபோதும் தப்ப முடியாத பரீட்சை காலத்தினுடையது.

கதை முடிந்ததும், மின்வாசிப்புக் கருவியில் படிக்க வசதியாக அதைத் தர வேண்டும் என்று வாசகர்கள் கேட்டனர். பிறகு, அதைக் கருவியில் ஏற்றும் வகை அறியாத சிலர், அமேசான் மூலமே கிடைக்கச் செய்யுமாறு வேண்டினர். இலவசமாகவே கொடுக்க விரும்பியவருக்கு அங்கே அநுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த விலை 99 சென்ட். அந்த விலையை வைத்தார். இலவசமாகப் பெற்றவர்களைவிட விலை கொடுத்து வாங்கியவர்களே அதிகம் என்பதைக் கண்டு அவரே ஆச்சரியப்பட்டார். மூன்று மாதங்களில் 35,000 பிரதிகள் விற்றன. இத்தகைய மலிவு விலை நூலில் ஆசிரியருக்கு 35 சதவீதமே கிடைக்கும். 70 சதவீதம் பெறுவதற்கு விலை 2.99 டாலருக்குக் குறையாமலும் 9.99 டாலருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஆகவே ஒரு பிரதிக்கு அவர் பெற்றது சுமார் 35 சென்ட். ஆயினும் பட்டியலின் உச்சிக்கு நூலை ஏற்றியது அந்த அற்ப விலைதான். அதன்பின் நிகழ்ந்தவற்றை உலகம் அறியும்: 2013 மார்ச்சில் கிரௌன் பதிப்பகமும் ஃபாக்ஸ் படநிறுவனமும் ஒரே வாரத்தில் உரிமைகளைப் பெற்றன, 2014இல் அச்சு நூலும், 2015இல் ரிட்லி ஸ்காட்டின் திரைப்படமும் வந்தன.

ஹியூ ஹாவியின் சரித்திரம் வேறொரு பாடத்தை உடையது. படகு ஓட்டியும் கூரை வேய்ந்தும் பிழைத்த அவர், வட கரோலினாவில் ஒரு சர்வகலாசாலைப் புத்தகக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். பூமிக்கடியில் நூற்றுக்கும் மேற்பட்ட மாடிகள் கொண்ட சேமக் குழியொன்றில் அடைபட்டு வாழும் மனிதரைப் பற்றிய ‘வூல்’ என்னும் சிறு கதையை 2011 ஜூலையில் தாமே வெளியிட்டார். விளம்பரம் ஏதுமின்றி அது பரவவே, வாசகர்களின் வற்புறுத்தலால் மேலும் நான்கு பகுதிகள் எழுதி, 2012 ஜனவரியில் ஒரே தொகுப்பாக்கினார். பெரிய பிரசுராலயங்கள் ஏழிலக்கத் தொகையுடன் வந்தன. அவர் மறுத்தார். மின்னூல் உரிமையைக் கைவிட மாட்டேன் என்பதில் உறுதியாக இருந்து, இறுதியில் ஸைமன் அண்ட் ஷூஸ்டர் நிறுவனத்துக்கு அமெரிக்க அச்சுரிமையை மட்டும் குறைந்த தொகைக்கு அளித்தார். அந்நாளில் அத்தகைய உடன்படிக்கை மிக அரிது. தன் வாசகர் எவர், எத்தனை பேர், எவ்வளவு விரும்புகின்றனர் என்பதை அறிந்த எழுத்தாளருக்கே அந்தத் திடம் வரும். அறியாதவர் முதலில் நீட்டப்பட்ட காகிதத்தில் கையெழுத்திட்டிருப்பார்.

இவ்விருவரையும் கண்டு, நூலை ஏற்றினால் போதும், செல்வம் தானே வரும் என்று எண்ணுவது அறியாமை. இவ்வாறு வெளியாகும் நூல்களுள் பெரும்பாலானவை நண்பர் வட்டத்தைத் தாண்டுவதில்லை. வியரிடம் மாதச் சம்பளம் இருந்தது. ஹாவியும் கடை வேலையை முதலிலேயே விட்டுவிடவில்லை. அச்சுச் செலவு அற்றுப்போன இக்காலத்தில் எழுத்தாளருக்கு மெய்யாகவே அரிதானது அவகாசம். அதை வெட்கப்படாமல் வெளிப்படையாகக் கேட்டவர் பெக்கி சேம்பர்ஸ். பாதிக்கு மேல் எழுதிய நாவலை முடிக்கும் வரை ஜீவனத்துக்கு வேண்டிய பணத்தை, 2012இல் கிக்ஸ்டார்ட்டர் வாயிலாகப் பொதுமக்களிடம் திரட்டினார். ‘தி லாங் வே டு எ ஸ்மால், ஆங்ரி பிளானெட்’ என்ற அந்நாவலை 2014இல் தாமே வெளியிட்டார். அதில் சுற்றுப்பாதைக் கணக்குகள் முக்கியமல்ல. ஒரு கலத்தில் சேர்ந்து வாழும் பல உலகத்தவரின் உறவே கதை. எனினும் வாசகரின் துணை இங்கும் வேறு உருவில் வந்தது. ஒரு பக்கமும் அச்சேறாத நிலையிலேயே அவர்கள் பணம் கொடுத்தனர். மறு ஆண்டே ஹாடர் அண்ட் ஸ்டோட்டன் அதைப் பதிப்பித்தது. அந்நூலில் தொடங்கிய ‘வேஃபேரர்ஸ்’ வரிசை 2019இல் ஹ்யூகோ பரிசைப் பெற்றது.