உடற்பயிற்சி அறிவியலுக்கு ஓர் உதவிப் பேராசிரியர்

விளையாட்டு அறிவியல் படித்தவருக்குப் பெங்களூருவைப் போல வாய்ப்புள்ள ஊர் தென்னிந்தியாவில் குறைவு. நகரின் நடுவே கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கிறது. தென்மேற்கு ஓரத்தில், ஞானபாரதி வளாகத்தை ஒட்டி, இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையம்; தேசிய ஹாக்கி அணிகளின் முகாம்கள் அங்கேதான் நடக்கின்றன. வடக்கே படுகோன்–திராவிட் மையம். இன்னும் வடக்கே, விமான நிலையப் பக்கம், கிரிக்கெட் வாரியம் 2024 செப்டம்பரில் திறந்த புதிய வளாகம். ஆனால் இந்த இடங்களுக்கெல்லாம் ஆட்களைப் படிக்கவைத்து அனுப்பும் பல்கலைக்கழக ஆசிரியர் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்று கேட்டால், படித்து முடித்தவர்களே தடுமாறுகிறார்கள். இந்நகரின் லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன், கம்மனஹள்ளிப் பக்கத் தமிழ்க் குடும்பங்களில் எம்.பி.எட்., எம்.எஸ்சி. முடித்துவிட்டு வேலை அறிவிப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தேர்வுக் குழுவில் உட்காருகிறவர்களுக்கும் இதில் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு.

முதல் குழப்பம் பதவியின் பெயரிலேயே தொடங்குகிறது. கல்லூரியில் நாம் ‘பி.டி. சார்’ என்று கூப்பிடுகிறவர் உடற்கல்வி இயக்குநர். அணிகளைத் தேர்ந்தெடுப்பது, போட்டிகளுக்கு அழைத்துச் செல்வது, மைதானத்தைப் பராமரிப்பது அவர் பொறுப்பு. வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் உடற்பயிற்சி உடலியங்கியல், உயிர் இயந்திரவியல், விளையாட்டு உளவியல் ஆகியவற்றைக் கற்பிக்கும் உதவிப் பேராசிரியர் வேறொருவர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் இந்த இரண்டு பதவிகளையும் தனித்தனியாகவே வைத்திருக்கின்றன. இயக்குநர் பதவிக்குப் போட்டிகளில் கலந்துகொண்ட சான்று வேண்டும்; உடல்தகுதித் தேர்விலும் தேற வேண்டும். 30 வயதுக்குட்பட்ட ஆண் 12 நிமிடத்தில் 1,800 மீட்டரும், பெண் 8 நிமிடத்தில் 1,000 மீட்டரும் ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். வயது ஏற ஏற தூரம் குறையும். 45 முதல் 50 வயது வரையுள்ள ஆணுக்கு 800 மீட்டர் போதும். ஓடுவதற்கு முன் மருத்துவச் சான்றையும் காட்ட வேண்டும். உதவிப் பேராசிரியருக்கு இந்த ஓட்டம் கிடையாது.

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் நடைமுறையில் இரண்டும் கலந்துவிடுகின்றன. ஆசிரியர் என்று எடுத்துவிட்டுப் பல்கலைக்கழக அணிக்கு மேலாளராக அனுப்புகிறார்கள். நல்ல விளையாட்டு வீரர் என்பதற்காகவே ஒருவரை எடுத்து, அவர் கையில் உடலியங்கியல் பாடத்தையும் கொடுக்கிறார்கள். இதனால் கெடுவது மாணவரின் படிப்பு. ஆளைத் தேடுவதற்கு முன்பே, வருகிறவர் எந்தத் தாளை நடத்தப் போகிறார், எந்த ஆய்வகத்தைப் பொறுப்பேற்கப் போகிறார் என்று துறை எழுதி வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

இந்தத் துறை மைதானத்தில் பிறந்து ஆய்வகத்தில் வளர்ந்தது. சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிதான் நம் பக்கத்தில் முதல் விதை. தமிழ்நாடு 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இதற்கென ஒரு பல்கலைக்கழகத்தையே அமைத்தது. உலக அளவில், ஹார்வர்டில் 1927 முதல் 1947 வரை இயங்கிய களைப்பு ஆய்வகம் உழைக்கும் உடலை அளக்கும் வழிகளை வகுத்தது. 1953இல் ஜெரமி மாரிஸும் அவருடைய குழுவினரும் லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இத்துறையைப் பொதுச் சுகாதாரத்தோடு இணைத்தது. நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று அவர்கள் கண்டார்கள். ஆகவே இன்று இந்தப் பாடத்தை நடத்துகிறவர் ஓட்டப்பந்தய வீரரைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. சர்க்கரை நோயாளியின் நடைப்பயிற்சியும் மூட்டு தேய்ந்த பாட்டியின் தசைவலுவும் இதே பாடத்தில் அடங்கும்.

இனி தகுதி. உதவிப் பேராசிரியர் பதவிக்கு உரிய பாடத்தில் அல்லது அதைச் சார்ந்த பாடத்தில் 55 சதவீத மதிப்பெண்ணோடு முதுநிலைப் பட்டம் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. அதோடு தேசியத் தகுதித் தேர்வான நெட்டிலோ மாநிலத் தகுதித் தேர்வான செட்டிலோ தேறியிருக்க வேண்டும், அல்லது விதிக்குட்பட்ட முனைவர் பட்டம் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத் துறைகளில் முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018இல் சொன்ன விதி தள்ளிப்போய், 2023இல் கைவிடப்பட்டது. தொடக்க அடிப்படை ஊதியம், ஊதிய நிலை 10இல், மாதம் 57,700 ரூபாய். இணைப் பேராசிரியருக்கு முனைவர் பட்டமும் 8 ஆண்டு அனுபவமும் 7 ஆய்வுக் கட்டுரைகளும், பேராசிரியருக்கு 10 ஆண்டு அனுபவமும் 10 கட்டுரைகளும் குறைந்தபட்சம். 2025 ஜனவரியில் மானியக் குழு ஒரு புதிய விதிமுறை வரைவை வெளியிட்டது. கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்கள் அதை எதிர்த்தன. எனவே விண்ணப்பிக்கும்போது அறிவிக்கையில் எந்த ஆண்டு விதியைக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

நெட் தேர்வில் ‘உடற்கல்வி’ என்றொரு பாடம் இருக்கிறது. உடற்பயிற்சி அறிவியலுக்கென்று தனிப் பாடம் கிடையாது. மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் எம்.எஸ்சி. படித்து, முழு ஆய்வையும் ஓட்டப் பட்டையின் மேல் மூச்சுக்காற்றை அளந்தே செய்த ஒருவரும், விளையாட்டுப் பிசியோதெரபியில் எம்.பி.டி. முடித்த ஒருவரும் இதனால் வாசலிலேயே நிற்க நேரிடுகிறது. ‘சார்ந்த பாடம்’ என்ற சொல்லுக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு பொருள் கொள்வதும் சிக்கல். விளம்பரத்திலேயே ‘உடற்கல்வி, விளையாட்டு அறிவியல், மனித உடலியங்கியல், விளையாட்டுப் பிசியோதெரபி’ என்று ஏற்கும் பட்டங்களின் பெயரைப் போட்டுவிட்டால் பிறகு வழக்கு வராது, நல்ல ஆளும் தவறிப்போக மாட்டார். விண்ணப்பிப்பவரும் சந்தேகம் இருந்தால் கடைசித் தேதிக்கு முன்பே எழுத்துமூலம் கேட்டு வாங்குவது நல்லது.

பெங்களூருத் தமிழர்கள் கவனிக்க வேண்டிய இன்னும் இரண்டு உண்டு. 2002 ஜூனுக்குப் பிறகு எழுதித் தேறிய செட், அதை நடத்திய மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும். தமிழ்நாட்டு செட்டை வைத்துக்கொண்டு பெங்களூருப் பல்கலைக்கழகப் பணிக்கு விண்ணப்பித்தால் அது கணக்கில் வராது. நெட் வேண்டும், அல்லது கர்நாடகத் தேர்வு ஆணையம் நடத்தும் கே-செட் வேண்டும். அதேபோல, தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்று கர்நாடக அரசின் இடஒதுக்கீட்டில் உதவாது. சொந்த ஊர் வேலூரோ தருமபுரியோ, மூன்று தலைமுறையாக லிங்கராஜபுரத்தில் இருக்கும் குடும்பங்கள் கர்நாடகச் சான்றுக்குத் தகுதி உண்டா என்று படிக்கும் காலத்திலேயே தாலுகா அலுவலகத்தில் விசாரித்து வைப்பது நல்லது. விளம்பரம் வந்த பிறகு அலைவதற்கு நேரம் இருக்காது.

விண்ணப்பங்கள் வந்ததும் நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்பதற்கு ஒரு மதிப்பெண் அட்டவணை உண்டு. பல்கலைக்கழகப் பணிக்கு மொத்தம் 100. இளநிலையில் 60 முதல் 80 சதவீதத்துக்குள் வாங்கியவருக்கு 13, முதுநிலையில் அதே அளவுக்கு 23, முனைவர் பட்டத்துக்கு 30, நெட்டுக்கு 5, ஒவ்வொரு கட்டுரைக்கும் 2 வீதம் அதிகபட்சம் 10, ஒவ்வோர் ஆண்டு கற்பித்தலுக்கும் அல்லது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கும் 2 வீதம் அதிகபட்சம் 10. முனைவர் பட்டமும் நெட்டும் 3 கட்டுரைகளும் உள்ள ஒருவர் 77 வாங்குவார். முனைவர் பட்டம் இல்லாமல் நெட் மட்டும் தேறியவர் 41இல் நிற்பார். முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று விதி சொன்னாலும் அழைப்புக் கடிதம் அவருக்கு வருவது கடினம். விளையாட்டு மையமொன்றின் ஆய்வகத்தில் எட்டு ஆண்டுகள் வீரர்களைச் சோதித்துக் கைதேர்ந்தவருக்கு அந்த அனுபவம் ஒரு மதிப்பெண்ணும் தராது. கற்பித்தல் என்ற கட்டத்துக்குள் அது அடங்காது. இந்தத் துறைக்கு இது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். கருவிகளோடு வாழ்ந்தவர்கள் வெளியே நிற்க, அவற்றைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் உள்ளே வருகிறார்கள்.

ஆனால் அந்த அட்டவணையின் வேலை அழைப்போடு முடிந்துவிடுகிறது. இறுதித் தேர்வு நேர்காணலில் காட்டும் திறமையை மட்டுமே பொறுத்தது என்று விதி சொல்கிறது. துணைவேந்தர் அல்லது அவர் நியமிக்கும் மூத்த பேராசிரியர் தலைமை வகிப்பார். வேந்தரின் பிரதிநிதி, புல முதல்வர், துறைத் தலைவர், மூன்று பாட வல்லுநர்கள் உடனிருப்பார்கள். குறைந்தது நான்கு பேர் இருக்க வேண்டும், அவர்களில் இருவர் வெளியிலிருந்து வந்த பாட வல்லுநர்களாக இருக்க வேண்டும். உயிர் இயந்திரவியல் ஆசிரியரைத் தேடும் நாளில் மூன்று வல்லுநர்களும் யோகாவிலோ விளையாட்டு நிர்வாகத்திலோ தேர்ந்தவர்களாக இருந்தால், எதிரே இருப்பவரின் ஆழத்தை அளக்க அங்கே ஆளில்லை. வல்லுநர் பட்டியல் தயாரிக்கும்போதே துறைத் தலைவர் இதில் பிடிவாதம் காட்ட வேண்டும்.

அதே விதிமுறைகளில் அதிகம் பயன்படாத ஓர் அனுமதியும் இருக்கிறது. விண்ணப்பித்தவரை வகுப்பெடுக்கச் சொல்லியோ கருத்தரங்க உரை ஆற்றச் சொல்லியோ மதிப்பிடலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பித்தவர் வளாகத்திலேயே நாள் முழுக்கத் தங்கி, ஆய்வுரை ஆற்றி, வகுப்பெடுத்து, மாணவர்களோடு பேசிவிட்டுத்தான் திரும்புகிறார். நம்மால் அவ்வளவு முடியாவிட்டாலும் ஒருவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். அரை மணி நேரம் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம், அரை மணி நேரம் ஆய்வகம். முப்பது ஆண்டுக் காலம் மாணவர்கள் முன் நிற்கப் போகிறவருக்கு அந்த ஒரு மணி நேரம் அதிகமில்லை.

ஆய்வகத்தில் என்ன கேட்கலாம்? விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஒரு மரப்படியும் நிறுத்துக் கடிகாரமும் போதும். ஹார்வர்டு படிச் சோதனையை நடத்தச் சொல்லுங்கள். 20 அங்குலப் படி, நிமிடத்துக்கு 30 முறை, 5 நிமிடம். தேர்ந்த ஆசிரியர் முதலில் மாணவரை உட்காரவைத்து நெஞ்சுவலி உண்டா, மயக்கம் வந்ததுண்டா, மாத்திரை சாப்பிடுகிறாரா என்று விசாரிப்பார். எந்த நிலையில் சோதனையை நிறுத்துவார் என்று முன்கூட்டியே சொல்வார். உயரம் குறைந்த மாணவி வந்தால் படியின் உயரத்தைப் பற்றிப் பேச்செடுப்பார். ஏறி இறங்கி முடித்த பிறகு நாடித் துடிப்பை எண்ணும் விரல்கள் தடுமாறுகின்றனவா என்று பார்த்தாலே பழக்கம் தெரிந்துவிடும்.

அதிகபட்ச இதயத் துடிப்பைக் கேளுங்கள். 220இலிருந்து வயதைக் கழி என்று உடற்பயிற்சிக் கூடங்களின் சுவரிலெல்லாம் எழுதியிருக்கிறது. 2001இல் தனாக்காவும் உடன் ஆய்வாளர்களும் தந்த சூத்திரம் வேறு: வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்க வேண்டும். 40 வயதில் இரண்டும் 180 என்றே வரும். 60 வயதில் ஒன்று 160, மற்றது 166. எந்தச் சூத்திரமானாலும் அது சராசரிதான். எதிரே நிற்கும் மனிதருக்கு அதிலிருந்து பத்துத் துடிப்போ அதற்கு மேலோ விலகியிருக்கலாம். இதை மாணவருக்குப் புரியும்படி யார் சொல்கிறாரோ அவரைக் குறித்து வையுங்கள்.

பெங்களூருவிலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. கோரமங்களாவில் உள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், உலக அளவில் பயன்படும் சமன்பாடுகள் ஓய்வுநிலையில் இந்தியர் செலவிடும் ஆற்றலைக் கூடுதலாகக் காட்டுகின்றன என்று பல ஆண்டுகளுக்கு முன்பே அளந்து காட்டியிருக்கிறார்கள். நம்மவருக்கு ஒரே எடையில் கொழுப்பு அதிகம், தசை குறைவு என்பதும், ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீட்டில் 23ஐயே எச்சரிக்கை எல்லையாகக் கொள்ளலாம் என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு சொன்னதும் இதோடு சேர்ந்தவை. வெளிநாட்டுப் பாடநூலின் எண்களை அப்படியே கரும்பலகையில் எழுதுகிறவரா, நம் உடலுக்கு அவை பொருந்துமா என்று சோதிக்கிறவரா என்பது இவற்றைப் பற்றிக் கேட்டாலே தெரியும். மனிதர்கள் மேல் ஆய்வு செய்ய நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கிய அனுபவம் உண்டா என்பதையும் விடாமல் கேட்க வேண்டும்.

வேலை தேடிப் போகிறவரும் கேள்வி கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. மூச்சுவாயுப் பகுப்பாய்வுக் கருவி இருக்கிறதா? அளவுதிருத்தத்துக்கான வாயு உருளையைக் கடைசியாக எப்போது வாங்கினீர்கள்? பராமரிப்புக்கு ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை நாள் அணிகளோடு வெளியூர்? பணி நிரந்தரமா, கெஸ்ட் லெக்சரரா? கெஸ்ட் பணி என்றால், ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று மானியக் குழு 2019இல் வகுத்த அளவைத் தருகிறார்களா என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரி ஆசிரியராகக் கற்பித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பணிச் சான்றை அந்தந்த ஆண்டே வாங்கி வைத்தால், அடுத்த விளம்பரம் வரும்போது அனுபவத்துக்கான மதிப்பெண்ணைக் கேட்க ஆதாரம் கையில் இருக்கும்.