கிராமத்துக் குப்பையும் ஏரி வண்டலும்

நிலத்திலிருந்து எடுத்ததை நிலத்திற்கே திருப்பித் தரவேண்டும் என்பது நம் குடியானவர்கள் தொன்றுதொட்டு அறிந்த உண்மை. விளைச்சலோடு நிலத்தை விட்டுச் செல்லும் சத்துக்களில் ஒரு பகுதி தட்டையாகவும் சாணமாகவும் தொழுவத்தில் சேருகிறது. மழை நீரால் அரிக்கப்படும் மேல்மண்ணில் ஒரு பகுதி ஏரியில் படிகிறது. குப்பை மேட்டில் சத்து வீணாகிறது; ஏரியிலோ அதே மண் நீர் நிற்கவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. இவ்விரண்டையும் நிலத்திற்கு மீட்கும் முறைகள் கீழே விளக்கப்படுகின்றன.

குப்பை மேட்டில் நேரும் நஷ்டம்

பல கிராமங்களில் சாணமும் கூளமும் வீட்டுப் புறத்தே திறந்த மேடாகக் கொட்டி வைக்கப்படுகின்றன. வெயிலால் தழைச்சத்து ஆவியாய்ப் போகிறது; மழையால் சாம்பல்சத்து கரைந்து ஓடுகிறது. ஆண்டு முடிவில் வண்டியில் ஏற்றப்படுவது பார்வைக்கு எருவாயினும், சத்தில் பெரும்பகுதி முன்னரே போய்விட்டிருக்கும். சாணத்தை வரட்டி தட்டி எரிப்பதும் இத்தகைய நஷ்டமே. 1893-இல் வெளிவந்த தமது அறிக்கையில் டாக்டர் வோல்க்கர் இதனை எடுத்துக் காட்டி, விறகு மரங்களை வளர்த்தாலன்றி வரட்டிப் பழக்கம் நீங்காது என்று வற்புறுத்தினார்.

மாட்டு மூத்திரத்தின் மதிப்பு

சாணத்தைச் சேர்ப்பவர்களிலும் மூத்திரத்தைச் சேர்ப்பவர் மிகச் சிலரே. ஆயினும் சாணத்தில் தழைச்சத்து 100-க்கு 0.3 முதல் 0.4 பங்குதான் உள்ளது. மூத்திரத்திலோ சுமார் 1 பங்கு உள்ளது. ஒரு மாடு நாளொன்றுக்கு 5 லிட்டர் மூத்திரம் விடுவதாகக் கொண்டால், அதில் 50 கிராம் தழைச்சத்து அடங்கும். ஆண்டுக்கு இது 18 கிலோவுக்கு மேலாகும். அதாவது ஏறக்குறைய 40 கிலோ யூரியாவில் உள்ள தழைச்சத்துக்குச் சமம். மாடு பகலில் மேயச் செல்வதால் இதில் பாதியே தொழுவத்தில் கிடைக்கும் எனினும், நாலைந்து மாடுகள் உள்ள குடும்பத்திற்கு அது சிறு தொகையன்று.

இதனைச் சேர்க்கப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. தொழுவத்தின் மண் தரையில் அரை அடி கனத்திற்கு உலர்ந்த மண்ணையோ, கூளத்தையோ பரப்பி வைத்தால் மூத்திரம் அதில் ஊறும். ஊறியதை அவ்வப்போது வாரிக் குழியில் இட்டுப் புது மண் பரப்ப வேண்டும். தொழுவமும் சுத்தமாக இருக்கும், ஈயும் குறையும்.

குழியில் எரு தயாரித்தல்

இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு துரையும் யஷ்வந்த் வாட் என்பவரும் தாவரக் கழிவையும் சாணத்தையும் மூத்திரம் ஊறிய மண்ணையும் கலந்து, இடையிடையே புரட்டி, சுமார் மூன்று மாதத்தில் மக்க வைக்கும் முறையை வகுத்து, 1931-இல் நூலாக வெளியிட்டார்கள். பின்னர் 1939-இல் பெங்களூரில் டாக்டர் ஆச்சார்யா புரட்டும் வேலை இல்லாத முறையை வகுத்தார். ஆள் கூலி மிகுந்துள்ள இக்காலத்தில் அவர் கூறிய குழி முறையே குடியானவர்க்கு ஏற்றது.

குழி 20 முதல் 25 அடி நீளமும், 5 முதல் 6 அடி அகலமும், 3 அடி ஆழமும் இருக்கலாம். வெள்ளம் புகாத மேட்டிடமாகவும், குடிநீர்க் கிணற்றுக்குத் தொலைவாகவும் இருத்தல் அவசியம். குழி முழுவதிலும் பரவலாகக் கொட்டாமல், ஒரு முனையில் 3 அடி நீளத்தை மட்டும் முதலில் நிரப்பிவர வேண்டும். நாள்தோறும் சேரும் சாணம், மூத்திரம் ஊறிய மண், கூளம் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி உயர்ந்ததும் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிவிட வேண்டும். பின்னர் அடுத்த 3 அடியைத் தொடங்கலாம். மெழுகிய பகுதி நாலைந்து மாதத்தில் எருவாகும். ஒரு குழி பக்குவமாகும்போது மற்றொன்று நிரம்பும்படி இரண்டு குழிகள் இருத்தல் நலம்.

கரும்புச் சோகை, சோளத்தட்டை முதலியவற்றில் கரிச்சத்து மிகுதி, தழைச்சத்து குறைவு. அவற்றை அப்படியே நிலத்தில் உழுது உடனே பயிரிட்டால், மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தமக்கு எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும். ஆகையால் அவற்றைத் துண்டாக நறுக்கி, சாணக் கரைசல் தெளித்து, பச்சைத் தழையுடன் கலந்து குழியிலிடுவதே முறை. ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 30 பங்கு கரிச்சத்து இருப்பின் கலவை நன்கு மக்கும். ஓர் ஏக்கர் கரும்பில் 3 முதல் 4 டன் சோகை கிடைக்கக்கூடும். அதற்குத் தீ வைப்பது எருக்குழிக்கே தீ வைப்பதை ஒக்கும்.

பக்குவமான எரு கறுத்து, பொலபொலவென்று, துர்நாற்றமும் சூடும் இன்றி இருக்கும். ஏக்கருக்கு 5 டன் இட்டால், சாதாரணத் தொழு எருவின் கணக்குப்படி சுமார் 25 கிலோ தழைச்சத்தும், 10 கிலோ மணிச்சத்தும், 25 கிலோ சாம்பல்சத்தும் நிலத்தைச் சேரும். இவை யாவும் முதற் பயிருக்கே கிடைப்பதில்லை. ஒரு பகுதி அடுத்த பயிர்களுக்கும் உதவும். எருவைக் கொட்டி வெயிலில் காயவிடாமல் அன்றே உழுது மூட வேண்டும்.

ஏரி வண்டல்

100 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள ஏரியில் சராசரி ஓர் அடி வண்டல் படிந்தால் 100 ஏக்கர் அடி நீருக்கு இடமில்லாமற் போகிறது. ஒரு நெற்பயிருக்கு மொத்தம் ஏறக்குறைய 4 அடி நீர் வேண்டும். ஆவியாதலையும் கசிவையும் கழித்துப் பாராமல் கணக்கிட்டால், ஒருமுறை நிரம்பும் ஏரியில் 25 ஏக்கர் சாகுபடிக்கான நீர் இழக்கப்படுகிறது. கடைமடைக்காரர் கருகும் பயிரைப் பார்த்து நிற்பதற்கும், மடைக்கு மடை சச்சரவு எழுவதற்கும் இவ்வடைப்பு ஒரு முக்கிய காரணம்.

இதே வண்டல் நிலத்திற்கு நன்மை செய்வது. களியும் மக்கிய பொருளும் கலந்த வண்டலை மணற்பாங்கான நிலத்திலும் செம்மண் நிலத்திலும் இட்டால் ஈரம் நெடுநாள் நிற்கும். இட்ட உரமும் எளிதில் கரைந்து ஓடாது. கோடையில் சிறு சிறு குவியலாக இட்டு, கட்டிகள் உலர்ந்து உதிர்ந்த பின் பரப்பி உழ வேண்டும். ஏற்கெனவே கனத்த களிமண்ணாயுள்ள நிலத்திற்கு வண்டல் வேண்டுவதில்லை. அது வடிகாலைக் கெடுக்கும்.

வண்டல் எடுப்பதில் சில எச்சரிக்கைகள் உண்டு. கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால் கரை பலவீனமாகும். மதகின் மட்டத்திற்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் பாசனத்திற்கு ஏறாது. வண்டலைக் கடந்து மணல் தெரியுமளவு ஆழமாக வெட்டினால் நீர் கசிந்து ஏரி நிற்காமற் போகும். உப்பு அல்லது களர் இருக்குமென்ற ஐயமுள்ள இடத்து வண்டலையும், பட்டணத்துச் சாக்கடை வந்து விழும் ஏரியின் வண்டலையும் மண் பரிசோதனை செய்யாமல் நிலத்தில் இடலாகாது. முறையான அனுமதி பெற்று, குறித்த இடத்தில், குறித்த அளவே எடுத்தல் வேண்டும். வண்டலின் பெயரால் மணலும் செம்மண்ணும் விலைக்குப் போவதைத் தடுப்பது கிராம நிர்வாக அலுவலரும் ஊராரும் சேர்ந்து செய்ய வேண்டிய காவல்.

ஊராரின் பொறுப்பு

ஏரி, வாய்க்கால் வேலைகளை ஊரார் கூடிச் செய்யும் குடிமராமத்து வழக்கத்துக்கு 1858-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டமும் ஆதாரமாயிருந்தது. தமிழ்நாட்டில் 2017-இல் அப்பெயராலேயே ஏரிச் சீரமைப்பு மீண்டும் தொடங்கப்பட்டது. அரசாங்கம் பணம் உதவலாம். மழைக்கு முன் வரத்துக் கால்வாயின் அடைப்பை நீக்குவது ஊரார் கையிலேயே இருக்கிறது.

குப்பை விஷயத்தில் முக்கியமானது பிரித்தல். மக்கும் குப்பையுடன் பிளாஸ்டிக், கண்ணாடி, மின்கலம், மருந்துக் குப்பி ஆகியவை கலந்தால் அது எருவன்று, நிலத்திற்குத் தீங்கு. அவற்றை வாய்க்காலில் எறிந்தால் மதகு அடைபடும். மனிதக் கழிவைக் கையால் அள்ளும் வேலையில் எவரையும் ஈடுபடுத்துவது 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம்; எரு தயாரிப்பின் பேரிலும் அது கூடாது.

எரு பெற்ற நிலம் மழைநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் மண் எளிதில் அரிக்கப்படாது. மண் அரிக்கப்படாவிடில் ஏரி விரைவில் தூராது. ஆதலின் எருக்குழியைப் பேணும் குடியானவர் தம் வயலை மட்டுமன்றிக் கடைமடைக்காரரின் நீரையும் காக்கிறார். இக்கோடையில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழியேனும் வெட்டுவதும், ஏரியில் எடுக்கத்தக்க வண்டலின் இடத்தை ஊரார் கூடிக் குறிப்பதும் தொடக்கமாக அமையட்டும்.