சட்டையில் வரும் விஷம்!

மாலை 6 மணி. ஒரகடத்தில் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. அப்பா இறங்கி வீட்டுக்கு வருகிறார். வாசலில் காத்திருந்த குழந்தை ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொள்கிறது.

இனிய காட்சிதான். ஆனால் அப்பா பார்ப்பது ஈயம் புழங்கும் வேலை என்றால்? சட்டையில் ஒட்டிய தூசி குழந்தையின் கைக்குப் போகும். கையில் இருந்து வாய்க்குப் போகும்!

புழுதியில் என்ன இருக்கிறது?

1998-ம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிப்பு தொடங்கியது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் பெருகின. வேலை வந்தது. கூடவே லாரியும் புழுதியும் வந்தன.

மண் புழுதி வேறு. உலோகத் தூசி வேறு. வெல்டிங் புகையில் மாங்கனீசு இருக்கும். முலாம் பூசும் இடத்தில் குரோமியமும் நிக்கலும் இருக்கும். பழைய பேட்டரியை உடைத்து உருக்கினால் ஈயம் பறக்கும். மிக நுண்ணிய துகளை மூக்கு தடுக்காது. அது நுரையீரலின் ஆழம்வரை போய்விடும்.

18 குழந்தைகள் பலி

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகர் டக்கார் அருகே ஓர் ஊர். அங்கே பழைய பேட்டரிகளை உடைத்தார்கள்; அந்த மண்ணைச் சலித்து ஈயம் எடுத்தார்கள். 2007 கடைசியில் இருந்து 2008 மார்ச் மாதத்துக்குள் 18 குழந்தைகள் இறந்தனர். ஈயத் தூசிதான் எமன்!

அது தூரத்து ஊர் என்று நினைக்காதீர்கள். போரூர் ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியும் அமெரிக்க நிபுணர்களும் சேர்ந்து, சென்னையில் 3 முதல் 7 வயது வரை உள்ள 750-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். முடிவு 2009-ல் வெளிவந்தது. 100 மில்லி ரத்தத்தில் சராசரியாகச் சுமார் 11 மைக்ரோகிராம் ஈயம்! 5 இருந்தாலே, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஈயம் அதிகம் இருந்த பிள்ளைகளுக்குப் படிப்பில் கவனம் குறைந்திருந்தது. ஆசிரியர்கள் தந்த குறிப்புகள் இதைக் காட்டின.

தாய்மார்கள் கவனிக்க!

வேலை உடையைத் தொழிற்சாலையிலேயே மாற்றி, குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால், வீட்டுக்குள் நுழையும் முன் உடையை மாற்றட்டும். அதைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

வீட்டை வெறும் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும். ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பிடும் முன் பிள்ளைகளின் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

முருங்கைக்கீரை, கேழ்வரகு, பால் கொடுங்கள். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும்.

வேலை செய்யும் இடத்திலேயே தூசியை உறிஞ்சி எடுப்பது முதலாளிகளின் பொறுப்பு. ஊருக்குள் புகை வந்தால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிப் போடுங்கள்.

உங்கள் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையா? ‘மக்கு’ என்று அடிக்காதீர்கள். வீட்டில் யாராவது ஈய வேலை பார்த்தால், டாக்டரிடம் சொல்லி ரத்தத்தைச் சோதியுங்கள். குற்றம் பிள்ளையிடம் இல்லாமல், தூசியில் இருக்கலாம்!