திருப்பியது மோதலா, தெறிப்பா?

ஐரோப்பாவின் ஹேரா விண்கலம் 2026 இறுதியில் டிமார்போஸ் சிறுகோளை எட்ட வேண்டும். கெடு நெருங்க நெருங்க வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி: "நாசாதான் 2022-லேயே அதை இடித்துப் பாதையை மாற்றிவிட்டதே, மறுபடியும் எதற்கு ஒரு கலம்?"

மாற்றியது உண்மைதான். செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் கலம் நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே போய் மோதியது. டிடிமோஸ் என்ற பெரிய சிறுகோளை 11 மணி 55 நிமிடத்தில் சுற்றிக்கொண்டிருந்த டிமார்போஸ், அதன்பின் ஏறக்குறைய அரை மணி நேரம் முன்னதாகவே ஒரு சுற்றை முடித்தது. 73 நொடி குறைந்தாலே வெற்றி என்று வைத்திருந்த நாசா, இலக்கைவிட 25 மடங்குக்கும் மேல் சாதித்ததாக அறிவித்தது.

அந்த 25 மடங்கை அப்படியே ஏற்க முடியவில்லை. கலம் இடித்ததால் மட்டும் வந்த பலன் அல்ல அது. மோதலுக்கு இரண்டு நொடி முன் டார்ட் அனுப்பிய கடைசி முழுப் படத்தில் சுமார் 31 மீட்டர் அகலத்துக்குப் பாறாங்கல்லும் சரளையும்தான். அடுத்த படம் பாதியில் அறுந்துபோனது. அந்தச் சரளைதான் பெரும்பகுதி வேலையைச் செய்தது. மோதியதும் கல்லும் தூளும் கலம் வந்த திசையிலேயே பீறிட்டுப் பாய, சுட்ட துப்பாக்கி தோளில் உதைப்பதுபோல அது சிறுகோளைப் பின்னுக்குத் தள்ளியது. மொத்த உந்தம் கலம் கொண்டுவந்ததைப் போல 3.6 மடங்கு என்பது ஒரு கணிப்பு. சிறுகோளின் அடர்த்தி தெரியாததால் அது 2.2 ஆகவும் இருக்கலாம், 4.9 ஆகவும் இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் பாதிக்கு மேல் தெறிப்பின் பங்கு. தெறிப்பே இல்லாவிட்டாலும் 73 நொடி எளிதில் தாண்டியிருக்கும். இலக்கே அவ்வளவு தாழ்வு.

நாளை நம்மை நோக்கி வருவது கெட்டியான உலோகக் கல்லாக இருந்தால்? இதே அளவு தெறிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால்தான் ஹேரா போகிறது: டிமார்போஸின் எடையை அளந்து, மோதிய இடம் என்ன ஆனது என்று பார்க்க.

இதையொட்டி எழும் வேறு சில கேள்விகள். அப்போஃபிஸ் சிறுகோள் பூமியில் மோதுமா? மோதாது, 2029 ஏப்ரல் 13 அன்று சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்துபோகும்.

2032-ல் வருவதாகச் சொன்ன கல்? 2025 பிப்ரவரியில் 3.1 சதவீதம் வரை ஏறிய ஆபத்து, சில நாளிலேயே பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிட்டது.

எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துவிடுவார்களா? இல்லை. 2013-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் வெடித்த கல் சூரியன் பக்கமிருந்து வந்தது. வெடிக்கும்வரை எந்தத் தொலைநோக்கியும் அதைப் பார்க்கவில்லை.